ஒன்பது குறி, பத்து காம்பரா

கொழும்பு, 12.6.1988

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் றோலண்ட் வணக்கத்தோட எழுதுறேன். முட்டிவலி குறைஞ்சிச்சா?

நேத்து கம்பியூட்டர்ல நம்ம தோட்டத்து வீட்டு வரிசை மாதிரியே ஒரு லயம் வரைஞ்சேன். நீளக் கோட்ட, குடும்பத்துக்கு ஒரு அறைன்னு சமமா பத்து காம்பராவா புள்ளி வச்சு பிரின்னு அதுக்கிட்ட சொன்னேன். திரையில ஒரு புள்ளியும் தெரியல. நாலு தடவ அமுக்கினேன்.

"உனக்கு இங்க வேலையில்ல, நாளைக்கே ஊருக்கு நோர்வூட் பஸ் ஏறு"ன்னு எங்க ஆபீஸ் இன்ஜினியர் கத்துனாரு. பயப்படாதீங்க, ஏறல. பாத்தா புள்ளியெல்லாம் கோட்டு மேலயே ஒளிஞ்சு கெடக்கு! புள்ளிய பெருக்கல் குறியா மாத்தினேன். பத்து காம்பராவுக்கு நடுவுல ஒன்பது குறியும் பளிச்சுன்னு வந்திருச்சு. "சரி, வேலையில இரு"ன்னுட்டாரு. பத்தாம் வகுப்ப பாதியில விட்டவன் நானு!

நாம இருக்கிற ஆறாவது காம்பராவுக்கு மட்டும் ஒரு ஜன்னல் போட்டேன். அழிக்கச் சொன்னாரு. அழிக்கல.

கதவுலருந்து அடுப்பு எத்தன அடி? தங்கச்சிய அளந்து எழுதச் சொல்லுங்க. அதையும் வரையணும். தபால் பெட்டிய தொறக்கிறாங்க, ஓடுறேன்.

உங்க றோலண்ட்