அப்பா முன்னறையில் படுக்கப் போன காரணம்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம், நலமாக என்று எழுதப் பேனா கொஞ்சம் தயங்குகிறது, ஆனாலும் போன மாதத்துக்கு இந்த மாதம் பரவாயில்லை. அங்கே நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, எனக்கு உண்மையான பதில் வேண்டும். போனில் பேசலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, உன் அப்பாவுக்குப் பக்கத்து அறையில் காது நீண்டுவிடுகிறது. அதனால்தான் கடிதம். மாடி வீட்டில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது, அது கிடக்கட்டும்.

உன் அப்பாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலையை அவர் எப்படி விவரிப்பார் என்று உனக்குத் தெரியும், "ஓட்டறது அவங்க, பயப்படறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பார். அப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனிதர் சில மாதமாக வாயைத் திறப்பதே இல்லை. ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். கேட்டால் "குறட்டை விடறேன், உனக்கு எதுக்குத் தொந்தரவு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து விடுகிற குறட்டை, இப்போது என்ன புதிதாக அக்கறை? அதோடு நின்றதா? சட்டை தொளதொள என்று ஆனது, பெல்ட்டில் ஆணியை வைத்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார், குளியலறையில் எனக்குத் தெரியாமல் ஒரு பவுடர் டப்பா முளைத்தது. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் பரீட்சை அறையில் நின்றவள் நான். காப்பி அடிக்கிற பிள்ளை எங்கே பார்க்கும், எங்கே பார்க்காது என்று எனக்குத் தெரியும். உன் அப்பா என் முகத்தைத் தவிர வீட்டில் எல்லாவற்றையும் பார்த்தார். அந்தச் சமயத்தில்தான் வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெண் புதிதாகக் கார் கற்க வந்திருந்தாள். இந்த வயதில் மெலிந்து, பவுடர் போட்டுக்கொண்டு, யாருக்காக என்று என் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. சோறு இறங்கவில்லை. உன்னிடம் சொல்லி அழலாமா என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன்.

கடைசியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் போய் உட்கார்ந்தேன். வங்கிக்காரி ஓட்ட, உன் அப்பா பக்கத்தில் உட்கார, கார் புறப்பட்டு நத்தை மாதிரி ஊர்ந்து பின் தெருவுக்குத் திரும்பியது. நானும் பின்னாலேயே நடந்தேன், அவள் ஓட்டுகிற வேகத்துக்கு நடந்தே பிடிக்கலாம். பார்த்தால் கார் ஓரமாக நிற்கிறது, அவள் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள், உன் அப்பா இறங்கி ஒரு வீட்டுக்குள் விறுவிறு என்று போகிறார். இவள் இங்கே இருக்கிறாள் என்றால் உள்ளே இருப்பவள் யார், இன்னொருத்தியா என்று நினைத்துக்கொண்டே குடையை மடக்கினேன். போய் மணியை அழுத்தினேன். கழுத்தில் அளவு டேப்பும் கையில் கத்தரிக்கோலுமாக ஒரு பெண் கதவைத் திறந்தாள். நான் அவளை ஏற இறங்கப் பார்த்து, உள்ளே போனவருடைய மனைவி நான் என்றேன். அவள் பதறவில்லை, "அப்பாடா, வந்தீங்களா" என்றாள். "தினமும் வர்றாருக்கா. பாத்ரூம் போறாரு, ஜக்குத் தண்ணியையும் காலி பண்றாரு, போயிட்டு மறுபடியும் வர்றாரு. பெரிய மனுஷன், முடியாதுன்னு எப்படிச் சொல்றது? ஆனா இது நல்லதுக்கு இல்ல, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். உன் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைக் கண்டதும் பரீட்சையில் பிட்டோடு பிடிபட்ட பையன் நின்ற மாதிரி நின்றார். காரிலிருந்து இறங்கி வந்த வங்கிக்காரி இன்னொன்றையும் போட்டு உடைத்தாள். "தூரத்துல இருக்கிற போர்டை எல்லாம் என்னையே படிக்கச் சொல்லுவாரும்மா, எனக்கு டெஸ்ட் வைக்கறார்னு நினைச்சேன்" என்றாள். அவருக்குக் கண் மங்கியிருக்கிறது, மகனே. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று, ஓட்டத் தெரியாத பெண்ணின் கண்ணை வைத்துக்கொண்டு ரோட்டில் போயிருக்கிறார்.

அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அங்கேயும் பொய். தண்ணீர் நிறையக் குடிக்கிறீர்களா என்று கேட்டால் வெயில் என்கிறார், எடை குறைந்ததா என்றால் டயட் என்கிறார். ரத்தம் பொய் சொல்லவில்லை. சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது, ஒரு நாளில் வந்தது இல்லை, வருஷக்கணக்காகச் சத்தம் போடாமல் உள்ளே இருந்திருக்கும் என்றார் டாக்டர். என்னைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகப் பேசினார். அதில் எனக்குத் திரும்பவும் சந்தேகம். வீட்டுக்கு வந்ததும் விடவில்லை. உன் அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே, "என்னால இனிமே உனக்குப் பிரயோஜனம் இல்லேன்னு தோணுச்சு, அதை எப்படிச் சொல்றது, அதான் குறட்டைன்னு சொல்லிட்டேன்" என்றார். ஒரு தாய் மகனுக்கு எழுதுகிற விஷயமா இது என்று நீ முகம் சுளிப்பாய். சுளித்துக்கொள். உன் அப்பா சத்தியமாக உனக்குச் சொல்ல மாட்டார். ஆண்களுக்குச் சர்க்கரை ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்கும்போது அந்தரங்கத்திலும் கோளாறு வருமாம், அந்தப் பவுடர்கூட அங்கே வந்த அரிப்புக்குத்தான். அதற்கும் வைத்தியம் இருக்கிறது, வெட்கப்பட்டு மறைத்தால்தான் வைத்தியம் இல்லை என்றார் டாக்டர். நான் என்னென்னவோ நினைத்தேன், அந்த மனிதர் தனியாக அந்த அறையில் என்ன பாடு பட்டாரோ.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். கண் நிதானத்துக்கு வரும்வரை காரில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதை முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை, உள்ளே உட்கார்ந்து சாலை விதிகளைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் இருவரும் நடக்கப் போகிறோம், பாட்டில் ஜூஸ் வீட்டுக்குள் வருவதில்லை. தலையணை திரும்பி வந்துவிட்டது, குறட்டையும்தான். ஆனால் அவர் சட்டைப் பையை நான் இன்னும் தடவிப் பார்ப்பதை விடவில்லை, நேற்று ஒரு க்ரீம் பிஸ்கட் உறை அகப்பட்டது. யாரோ மாணவன் கொடுத்த குப்பையாம். விசாரணை நடக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் எனக்குப் போன் செய்தாள். உன்னைக் குறை சொல்லவில்லை, சுற்றி வளைத்து, "மாமா எப்பவாவது இப்படிக் காரணமே இல்லாம எரிஞ்சு விழுவாரா அத்தை? சாப்பிட்ட உடனே அசந்து போவாரா? இவர் எங்கிட்ட ஆசையா ரெண்டு வார்த்தை பேசியே எவ்வளவு நாளாச்சு" என்று கேட்டாள். வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைக்கிறாள், உன் போனைக்கூட எடுத்துப் பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது. தேட வேண்டிய இடம் உன் போன் இல்லை, உன் ரத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அனுப்பிய போட்டோவில் உன் கை கால் எல்லாம் ஒல்லிதான், வயிறு மட்டும் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஆண்களுக்கு வயிற்றுக்குள்தான் கொழுப்பு முதலில் போய் உட்காருமாம், ஆள் குண்டாக இல்லாவிட்டாலும் சர்க்கரை வருமாம். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும், ஒரு அறிகுறியும் இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் உன்னைத்தான் சொன்னார். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கும்போதே பிடித்துவிட்டால் நடையாலும் சாப்பாட்டாலும் தள்ளி வைக்க முடியுமாம். அந்த சிகரெட்டையும் விடு, விட்டுவிட்டேன் என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. ஒன்றும் இல்லை என்று வந்தால் சந்தோஷம், அப்போதும் அவளை உட்காரவைத்து மனசு விட்டுப் பேசு. நிஜமாகவே வேறு ஏதாவது கதை இருந்தால், குடையை எடுத்துக்கொண்டு அங்கேயும் வருவேன்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் மறைக்க ஒன்றும் இல்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும் என்று உன் அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடு, முடிவு வந்ததும் முதலில் அவளிடம் சொல், பிறகு எனக்கு. வழியில் காப்பி குடித்துவிட்டுப் போய் என்னை ஏமாற்றலாம் என்று நினைக்காதே, அவளையும் உன்னோடு வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை நம்ப ஆசைப்படும்
அம்மா