அலமாரிக் கதவில் இருப்பவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் இன்று நான்காவது படத்தை ஒட்டினேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்ல என் சட்டைக்கு இடமில்ல, விமானிகளுக்கு இருக்கு" என்றார். படங்கள் மறையக்கூடாதென்று அவர் சட்டைகளை இரண்டாவது தட்டுக்குத் தள்ளிவிட்டேன், அந்தக் கடுப்பு. இருக்கட்டும்.

எல்லோருக்கும் நானே பெயர் வைத்திருக்கிறேன். முதலில் ஊதா அக்கா. நூறு வருடத்துக்கும் முன்னால், ஊதா உடை மாட்டிக்கொண்டு இரண்டு நாடுகளுக்கு நடுவிலிருக்கும் கடலைத் தனியாகப் பறந்து கடந்தவள். முந்தின நாள்தான் ஒரு பெரிய கப்பல் மூழ்கியிருந்தது, அதனால் பத்திரிகையில் அவளுக்கு மூலையில்தான் இடம். புறப்படும் முன் ஒரு ஆண் விமானி, 'உன் உடையை நான் போட்டுக்கொண்டு ஓட்டிவிடுகிறேன், பெயர் உனக்கே' என்றானாம். வேண்டாம் என்றுவிட்டாளாம். என் தங்கம்!

அடுத்தவள் மொழிக்காரி. கறுப்பினப் பெண் என்று சொந்த நாட்டில் எந்த விமானப் பள்ளியும் சேர்க்கவில்லை. இன்னொரு மொழியைக் கற்று, கடல் தாண்டிப் போய் உரிமத்தோடு திரும்பினாள். மூன்றாவது, மூணு பிள்ளைக்காரி. சின்ன விமானத்தில் தன்னந்தனியாக உலகைச் சுற்றியவள். வழியில் ஒரு பாலைவனத்தில் இறங்கியபோது, ஓட்டிவந்த ஆண் எங்கே என்று உள்ளே தலையை விட்டுத் தேடினார்களாம்.

இன்று ஒட்டியது கூட்டப்படம். போர்க்காலத்தில் மரமும் துணியுமான விமானங்களில் பறந்த பெண்கள். இன்ஜினை அடக்கிவிட்டு, சத்தமில்லாமல் எதிரிகளின் தலைக்கு மேல் சறுக்கி வருவார்களாம். இவர்களைப் பற்றி இனிமேல்தான் படிக்க வேண்டும்.

நானோ கண்ணாடிக் கடையில் பிறர் மூக்கில் ஃபிரேம் மாட்டுகிறவள். சனிக்கிழமை மட்டும், விமானம் ஓட்டக் கற்றுத்தரும் கிளப்பில் மாணவி. பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் தனியாக ஒரே ஒரு சுற்று — அதைப் பறந்துவிட்டால் போதும். இப்போதைக்கு வேறு ஆசையே இல்லை.

மார்ச் 8, சனி

விமானம் ஓட்ட எனக்கு உயரம் போதாது. இருக்கையைக் கடைசிவரை முன்னால் தள்ளினாலும் பெடல் பாதிதான் எட்டும். அதற்காக என் மகள் குட்டியின் முயல் வடிவத் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொள்வேன். இன்று என்னோடு வகுப்பில் படிக்கும் நெட்டை எல்லார் முன்னாலும், "என்ன ஆன்ட்டி, தலகாணியோட வந்திருக்கீங்க, தூங்கவா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அசடு, நானும் சிரித்தேன்.

இனி அதைக் கொண்டுபோக மாட்டேன். இருக்கையின் நுனியில் உட்கார்ந்தால் போகிறது.

மார்ச் 12, புதன்

கடைக்கு ஓர் அம்மா வந்திருந்தார். கண்ணாடி போட்டால் ஆபீஸில் கிண்டல் செய்கிறார்களாம், கழற்றிப் பையில் வைத்துவிட்டார், நேராகக் கதவில் முட்டிக்கொண்டார். நெற்றியில் புடைப்பு. "சிரிக்கிறவங்களாங்க உங்க கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்டி விடப்போறாங்க?" என்று ஒரு பிடி பிடித்தேன். போட்டுக்கொண்டே போனார். எனக்கு ஒரே பெருமை.

மார்ச் 15, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

பக்கவாட்டுக் காற்று. அப்படி அடிக்கும்போது பெடலை முழுசா மிதிச்சாத்தான் விமானம் ஓடுபாதையில நேரா நிக்கும். நுனியில உட்கார்ந்து மிதிச்சா உடம்புதான் பின்னால போகுது, பெடல் போகல. சக்கரம் தரையைத் தொட்டதும் புல்லுக்குள்ள இறங்கிடுச்சு. ஆசிரியர் பிடுங்கிப் பிடிச்சதால தப்பிச்சோம்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அப்புறம்'. திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார், "அப்புறம்?" என்று மட்டும் கேட்பார். இன்று நிறையவே பேசினார். "மிதிக்க பயப்படறீங்க. அடுத்த சனிக்கிழமையும் இப்படின்னா நிறுத்திக்கலாம்மா. உங்க நல்லதுக்குத்தான்."

பயமா? எனக்கா? தலையணை இல்லாததுதான் காரணம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னேனா? இல்ல. பயந்தவள்னு பேர் வாங்கினாலும் பரவாயில்ல, தலகாணிக்காரின்னு வாங்க மாட்டேனாம். என்ன ஜென்மம் நான்?

மார்ச் 16, ஞாயிறு

சமைக்கவில்லை. இவர் முட்டை பொரித்தார். கருகிவிட்டது. சாப்பிட்டோம்.

மார்ச் 19, புதன்

கூட்டப்படத்துப் பெண்களைப் பற்றி இன்று படித்தேன். அவர்களுக்குக் கொடுத்தது ஆண்களின் உடை, ஆண்களின் பூட்ஸ். கால் உள்ளே ஆடும். கிழிந்த துணியை அடைத்துக்கொண்டு பறந்தார்களாம். அவ்வளவுதான். அதைப் பற்றி ஒருத்தியும் கூனிக் குறுகியதாகத் தெரியவில்லை. அளவு பார்த்து யாராவது தைத்துத் தரட்டும் என்று காத்திருந்தால் அவர்கள் தரையிலேயே இருந்திருப்பார்கள்.

படத்தை உற்று உற்றுப் பார்த்தேன். எல்லார் காலிலும் பூட்ஸ். எல்லார் முகத்திலும் சிரிப்பு. உங்களையெல்லாம் கதவில் ஒட்டிக் கும்பிடுகிறேன், ஒரு முயலுக்கு வெட்கப்படுகிறேன்! அந்தக் கண்ணாடி அம்மா நினைவுக்கு வந்தார். காது வரை சூடேறியது.

குட்டியிடம் மறுபடி முயலைக் கேட்டேன். "அதுக்கும் பெல்ட் போட்டு விடும்மா" என்றாள்.

மார்ச் 22, சனி



முயலை அக்குளில் இடுக்கிக்கொண்டு எல்லார் நடுவிலும் நடந்தேன். நெட்டை வாயைத் திறந்தான். "தூங்க இல்லப்பா, மிதிக்க. உனக்கு எட்டுது, எனக்கு எட்டல. அவ்வளவுதான்" என்றேன். மூடிக்கொண்டான்.

ஆசிரியர் முயலையே பார்த்தார். "போன வாரம் இது எங்க?"

"வீட்ல."

"ஏன்?"

"சிரிச்சாங்க."

"உங்க முதுகுக்குப் பின்னாலதான் இருக்குன்னு நினைச்சுட்டேன். நானாவது பார்த்திருக்கணும்" என்றார்.

அதே பக்கவாட்டுக் காற்று. அவரோடு மூன்று முறை இறங்கினேன், மூன்றும் நேராக. பிறகு ஓரமாக நிறுத்தச் சொன்னார். கதவைத் திறந்து இறங்கி, "ஒரு சுற்று. போயிட்டு வாங்க" என்றார்.

ஆள் ஒருவர் குறைந்ததும் விமானம் துள்ளிக்கொண்டு ஏறியது. பக்கத்து இருக்கை காலி. ஆனால் தனியாக இருப்பதாகவே தோன்றவில்லை. ஊதா அக்காவிடமும் மொழிக்காரியிடமும் வாய்விட்டுப் பேசிக்கொண்டே வந்தேன். பார்த்தவர்கள் கழன்றுவிட்டது என்றிருப்பார்கள். இறங்கும்போது பாரம் இல்லாததால் மிதந்துகொண்டே போனது, பொறுத்துப் பிடித்தேன். முதுகை முயலில் ஊன்றி, பெடலை முழுசாக மிதித்தேன். சக்கரங்கள் நடுக்கோட்டில் உட்கார்ந்தன.

ஆசிரியர் ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது, சத்தியமாகப் பார்த்தேன். கேட்டதென்னவோ, "அப்புறம்?"

"இன்னொரு சுற்று" என்றேன்.

ஏப்ரல் 26, சனி

கிளப்பில் எப்போதும் முயலை வைத்துவிட்டு வரும் அலமாரித் தட்டில் இன்று அதைக் காணோம். மெக்கானிக்கிடம் கேட்டேன். "புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு, உங்களைவிடக் குட்டை. நெட்டைதான் எடுத்துக் குடுத்தான். இப்ப மேல இருக்கு" என்றார்.

என் முறை தள்ளிப்போனது. கோபமே வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பெண் இறங்கும்வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் குட்டி, "முயல் எப்பம்மா வரும்?" என்று கேட்டாள். வேலைக்குப் போயிருக்கிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, முயலுக்குத் தொப்பி போட்டு ஒரு படம் வரைந்து தந்தாள். கூட்டப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

இவர் சட்டைகள் மூன்றாவது தட்டுக்குப் போய்விட்டன. அவரேதான் எடுத்து வைத்தார்.