வெறும் பை

4 நவம்பர், செவ்வாய்

காலையில் முதலில் கவனித்தது சத்தத்தை. சல்லடையில் கல் துகள் விழுந்தால் கூரையில் தூறல் விழுவது போலிருக்கும். இன்று அது மெலிந்திருந்தது. வெளியே மூடுபனி. நிலத்தைத் துளையிடும் கோபுரத்தில் பாதிக்கு மேல் காணவில்லை.

சுண்ணாம்புக்கல் தொடங்கிவிட்டது. துகள்களைக் கழுவி ஒரு சொட்டு அமிலம் விட்டேன். நுரைத்தது. உருப்பெருக்கியில் ஒரு துண்டில் சிப்பியின் வரி. சீனி எடுக்கும் இந்தப் பீட்கிழங்கு வயல்களுக்குக் கீழே ஒரு கடல் இருந்திருக்கிறது. மத்தியானம் வரை அதே நினைவு. ஒவ்வொரு ஆழத்தின் துகளையும் ஒரு பையில் கட்டி, பெட்டியில் வரிசையாக வைத்தேன்; என் வேலை அதுதான்.

பாண், சம்பல். கையுறையில் ஓட்டை.

காலையில் அம்மா: "வாயைத் திறந்து கேள் பிள்ளை, தருவினம்."

புதிது கேட்கவில்லை.

5 நவம்பர், புதன்

மழை. துளைக்குள் விடும் சேறுதான் கல்லை மேலே கொண்டுவர வேண்டும். இன்று சேறே பாதிதான் திரும்புகிறது. தொட்டி இறங்கிக்கொண்டே போகிறது.

தொட்டி பார்க்கும் அன்ரன் அண்ணை, மன்னார்க்காரர்: "கீழை குகை, பிள்ளை. சுண்ணாம்புக்கல்லைத் தண்ணி திண்டிட்டுது. எவ்வளவு ஊத்தினாலும் குடிக்குது, என்ர மச்சான் மாதிரி."

சிரிப்பு வந்தது. குனிந்துகொண்டேன்.

ஓட்டையை அடைக்க வால்நட் ஓட்டுத் தூள், மூட்டை மூட்டையாக.

வீடு திரும்பும் ரயிலில் கண்ணை மூடினால் கீழே அந்தக் குகை அறை. யாரும் பார்க்காதது. உள்ளே சேறு மெதுவாக, சத்தமில்லாமல்.

6 நவம்பர், வியாழன்

குளிர், வெயில். சல்லடையில் கல்லே இல்லை. வால்நட் தூள் மட்டும். இந்த ஆழத்துக்கான பையில் போட ஒன்றுமில்லை.

பின்னேரம் நிலவியலாளர் பேரன்ஸ் அம்மையார் வருகிறார். என் பெட்டியைப் பார்த்துத்தான் எனக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியில் இடம் தருவதா என்று முடிவு. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்குத் திறந்த ஒரே கதவு.

அன்ரன் அண்ணை: "முந்தின பையிலை இருந்து ஒரு பிடி அள்ளிப் போடன். வெறும் பையைக் கண்டால் நீ நித்திரை கொண்டனி எண்டு நினைப்பா."

"ஏலாது அண்ணை."

"ஏன்?"

"அங்கை கல் இல்லையே."

"இவளொருத்தி. இல்லாததை எப்பிடிப் பையிலை கட்டுவாய்?"

வெறும் பையைக் கையில் எடுத்தேன். ஒரு பிடி அள்ளிப் போட்டால் பெட்டியில் அந்த அறை கல்லாகிவிடும். அப்படி ஒன்று கீழே இருந்ததே யாருக்கும் தெரியாமல் போகும்.

வாசலில் கார் நின்றது. பேரன்ஸ் அம்மையாரின் குரல்.

பையில் ஆழத்தை எழுதினேன். கீழே, கல் வரவில்லை என்று எழுதினேன். வாயைக் கட்டி, வரிசையில் அதன் இடத்தில் வைத்தேன்.