உங்களைத்தான் கேட்டேன்

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவுக்கு மூளை முடக்குவாதம் என்று டாக்டர் சொன்ன மறுநாள், இரண்டு நாளில் வருகிறேன் என்று உங்கள் அக்கா வீட்டுக்குப் போனீர்கள். இன்றோடு ஆறு வாரம். அந்த வீட்டில் இரண்டு நாள் அவ்வளவு நீளம் போலிருக்கிறது.

சிகிச்சை மையத்தில் பெற்றோருக்கென்றே ஓர் ஆலோசகர் இருக்கிறார். இன்று காலை என்னை உட்காரவைத்து, "தூக்கம் எப்படிம்மா?" என்றார்.

"மூணு தடவை முழிச்சுக்கறா. காலு விறைச்சுக்குது."

"பாப்பாவை இல்லம்மா, உங்களைத்தான் கேட்டேன்."

அவர் மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அவரிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நேற்று பால் புகட்டும்போது அவளுக்குப் புரையேறியது. நான் உடனே தூக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் தூக்கி முதுகைத் தட்டினேன். இப்போது நன்றாக இருக்கிறாள்.

கிளம்பும்போது, "வீட்டுல துணைக்கு யாரு இருக்கா?" என்றார். "அவர் இருக்கார்" என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை உங்களையும் அழைத்துவரச் சொன்னார்.

அதற்கு முன்பே வந்துவிடுங்கள். பாப்பாவை என்னோடு தனியாக விட்டுவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா