வாசலிலேயே நின்ற தையல்காரி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

குடியை நிறுத்தி எங்கள் பெண்கள் போதை மீட்பு மையத்திலிருந்து வீடு திரும்பிய தையல்காரி, நேற்று மறுபடி குடித்துவிட்டு வந்து வாசலிலேயே நின்றாள். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள வர்றது அக்கா?" என்றாள். ஆலோசகர் படிப்பில் கற்றது ஒன்றும் வாயில் வரவில்லை. பரீட்சையில் தோற்று நான் மாடிப்படியில் ஒளிந்திருந்தபோது நீ சொன்னதுதான் வந்தது: "முதல்ல முகத்தக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

செருப்பைக் கழற்றி உள்ளே வந்தாள். இன்று காலை தானாகவே மருத்துவர் அறைக்குப் போனாள்.

அன்று நீ மார்க்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. தட்டில் சோறு குறையக் குறைய மறுபடி போட்டுக்கொண்டே இருந்தாய்.

அடுத்த கடிதத்தைத் தம்பியை டைப் அடிக்கச் சொல்லாதே. எழுத்துப்பிழை இருந்தாலும் நீயே எழுது. உன் கையெழுத்தைப் பார்த்து நாளாயிற்று.

குழுக் கூட்டத்துக்கு மணி அடிக்கிறார்கள்.

உன் மகள்