ஒரு மணிக்கு வரும் போன்

கள்ளக்குறிச்சி,
புதன்கிழமை.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு மெஹ்ராஜ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் நம் பாயிஸாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் சொல்லத்தான் பார்த்தேன், நாலு தடவை. நாலு தடவையும் உங்கள் முகத்தைப் பார்த்ததும் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். நைனார்பாளையம் தீனதயாளன் அண்ணன் உங்கள் ஓட்டலுக்கே வேலைக்கு வருகிறாராம். சனிக்கிழமை குவைத்துக்குப் புறப்படுகிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள்.

பாயிஸாவுக்குக் காலாண்டுப் பரீட்சை முடிந்தது. கணக்கில் எழுபத்தெட்டு. எட்டாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து என்னைவிட உயரமாகிவிட்டாள். நீங்கள் அனுப்பிய செருப்பு அவளுக்குப் பத்தவில்லை, நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். சமையல் கட்டில் ஒழுகிய இடத்தை என் தம்பி சுபைர் ஆள் வைத்துப் பூசிவிட்டான்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். போன மாதம் தியாகதுருகத்துக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மத்தியானம் மூன்று மணி பஸ். ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததுதான் தெரியும். யாரோ தோளைத் தட்டினார்கள். கண்டக்டர். "இன்னாம்மா, கள்ளக்குறிச்சின்னு டிக்கெட் எடுத்துட்டு சின்னசேலம் வரைக்கும் தூங்கிக்கினு வந்துட்டியே" என்றார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேறு பஸ் பிடித்துத் திரும்பி வருவதற்குள் பாயிஸா பள்ளிக்கூட வாசலில் ஒன்றரை மணி நேரம் தனியாக நின்றிருக்கிறாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். மறுநாள் அவளேதான் என்னைச் சுகர் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா பெயர் அருள்மொழி. ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் இருநூற்று முப்பத்திரண்டு. மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி எட்டு சதவீதம், ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். "மாத்திரைய ஏத்திக்கினே போறேன், சுகர் எறங்க மாட்டேங்குது. நீ எத்தினி மணிக்குப் படுக்கிற?" என்று கேட்டார்கள். பத்து மணிக்கு என்றேன். பொய்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் மகள் விடவில்லை. "இல்ல டாக்டர், அத்தா ஒரு மணிக்கு போன் பண்ணுவாங்க. வெச்சிட்டு அம்மா படுக்கறதுக்கு ரெண்டேகால் ஆவும். அஞ்சு மணிக்கு பஜ்ரு தொழுகைக்கு எழுந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். தூக்கம் கெட்டால் உடம்பு அதை ஆபத்து என்று நினைத்துக்கொள்ளுமாம். உள்ளே இருக்கிற சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்குமாம். மாத்திரை தனியாக அதோடு சண்டை போட முடியாதாம். தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும், ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டும் என்றார்கள். அப்புறம், நடு ராத்திரியில் ஏதாவது சாப்பிடுவியா என்று கேட்டார்கள்.

என்னவென்று சொல்வேன் மச்சான்? நீங்கள் வேலை முடிந்து வந்து குபூஸ் ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கிறபோது, "நீயும் ஏதாவது எடுத்துக்கோ புள்ளே, தனியா சாப்புட முடியல" என்பீர்கள். நான் டீ போட்டு நாலு ரஸ்க் எடுத்துக்கொண்டு உட்காருவேன். பதினொரு வருஷமாக நாம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிற சாப்பாடு அது ஒன்றுதான். அதை ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

போன வெள்ளிக்கிழமை நான் போன் எடுக்கவில்லையே, சார்ஜ் போய்விட்டது என்று சொன்னேனே, அதுவும் பொய். வேண்டுமென்றே சத்தத்தை அணைத்துவிட்டுப் படுத்தேன். பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறீர்கள். சுபைர் இரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டினான். "அக்கா, மச்சான் அழுவுறாரு, பேசுக்கா" என்று போனை நீட்டினான். உங்கள் அறையில் அடுத்த கட்டிலில் படுத்திருந்த திருக்கோவிலூர் வெற்றிவேல் அண்ணன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்ததிலிருந்து உங்களுக்குக் கண்ணை மூடவே பயம் என்று அன்றைக்குத்தான் சொன்னீர்கள். என் குரலைக் கேட்டுவிட்டுப் படுத்தால்தான் விடிந்து எழுந்திருப்போம் என்ற நம்பிக்கை வருகிறது என்றீர்கள். அதற்குப் பிறகு நான் எந்த வாயால் சொல்வேன்?

ஆனாலும் எழுதுகிறேன். காரணம் வலது கண். படிக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் கலங்கலாகத் தெரிகிறது. ஊசியில் நூல் கோர்க்கப் பாயிஸாவைக் கூப்பிடுகிறேன். கண் டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே ரத்தக்குழாயில் கசிவு ஆரம்பித்திருக்கிறது, சுகர் இறங்கினால்தான் நிற்கும் என்றார். பயப்படாதீர்கள். இப்போதைக்குக் கண்ணில் ஊசி எதுவும் போட வேண்டாமாம்.

ஒரு மணிக்குக் கூப்பிட வேண்டாம். காலையில் நீங்கள் எழுந்ததும் கூப்பிடுங்கள். அங்கே எட்டரை என்றால் இங்கே பதினொன்று, நான் வீட்டில்தான் இருப்பேன். என் மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை. மனசு விட்டுப் போய்விடாதீர்கள். அல்லாஹ் உங்களைக் காப்பான்.

வஸ்ஸலாம்.
உங்கள்
மெஹ்ராஜ்

*

குவைத்,
செவ்வாய்.

அன்பு மெஹ்ராஜுக்கு ஜப்பார் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம்.

தீனதயாளன் லெட்டரைக் கொடுத்தார். படித்தேன். எனக்கு உன்னைப் போல எழுத வராது. எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பார்த்துக்கொள்.

கண்ணைப் பற்றி ஏன் முதலிலேயே சொல்லவில்லை? ரஸ்க்கு நான் சொல்லித்தானே சாப்பிட்டாய். உன்னைப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டு இத்தனை வருஷமும் உனக்குக் கெடுதல் செய்திருக்கிறேன்.

இனி ராத்திரி கூப்பிட மாட்டேன். காலையில் கூப்பிடுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் எட்டுப் பேர் ஒரு பாத்ரூமுக்கு வரிசையில் நிற்போம். சாப்பிட்டாயா, பாயிஸா போனாளா என்றுதான் கேட்க முடியும். வேறு எதுவும் பேசவில்லை என்று நினைக்காதே. ஓட்டலுக்குள் போனதும் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது உனக்குத் தெரியும்.

நீ தூங்கு. எனக்கு ஒன்றும் ஆகாது. பாயிஸாவுக்கு என் துஆ.

ஜப்பார்

*

கள்ளக்குறிச்சி,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களைப் போலவே நானும் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். காலை வரிசையில் நிற்கும்போது படிக்க வேண்டாம். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

நீங்கள் ராத்திரி கூப்பிடுவதை நிறுத்தி ஏழு வாரம் ஆகிவிட்டது. முதல் பத்து நாள் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்தேன், போனைப் பாயிஸாவின் அலமாரியில் வைத்தேன், சாயந்திரம் டீயை விட்டேன். ஆனாலும் ஒரு மணிக்குச் சரியாக விழிப்பு வந்துவிடும். அடுப்பங்கரைக்குப் போய் நிற்பேன். ரஸ்க் டப்பாவைப் பாயிஸா எங்கேயோ ஒளித்து வைத்திருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுப்பேன். டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். "உடம்பு பழகியிருக்கு, மெதுவாத்தான் மாறும், விடாத" என்றார்கள்.

அப்புறம் ஒரு நாள் கண் விழித்தால் பாங்கு சொல்கிற சத்தம். நடுவில் எழுந்திருக்கவே இல்லை. மறுநாளும் அப்படியே. இப்போது பத்து மணிக்குப் படுத்தால் ஐந்து மணி வரை ஒரே தூக்கம். முந்தாநாள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் நூற்று நாற்பத்தெட்டு. டாக்டரம்மா சிரித்தார்கள். மாத்திரையைக் கூட்ட வேண்டாம் என்றார்கள். கண்ணிலும் கசிவு கூடவில்லையாம்.

இதை உங்களிடம் சந்தோஷமாகச் சொல்லத்தான் நேற்று பதினொரு மணிக்குக் காத்திருந்தேன். நீங்கள் பேசினீர்கள். இடது கையில் போனைப் பிடித்திருந்தீர்கள். நாலு நாளாகவே இடது கைதான். வலது கையைக் காட்டுங்கள் என்றேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டீர்கள்.

நான் தீனதயாளன் அண்ணனுக்கு போன் போட்டேன். அவரைக் கோபிக்காதீர்கள். நான் அழுததால்தான் சொன்னார். "அவுரு எங்கம்மா தூங்குறாரு? வேல முடிஞ்சி வந்தா மாடிப்படியில குந்திக்கினு நீ எப்பவோ அனுப்புன வாய்ஸ் மெசேஜையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கினு இருக்காரு. நாலு மணி, அஞ்சு மணி ஆயிடும். போன வாரம் அடுப்பு முன்னாடி நின்னுக்கினே கண் அசந்துட்டாரு. கை பூரா கொப்புளம்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று கேட்டேன். லீவு கேட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறீர்களாமே.

மச்சான், எனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் தூங்கத் தூங்க நீங்கள் விழித்திருந்திருக்கிறீர்கள். என் உடம்பில் இறங்கிய ஒவ்வொரு புள்ளியும் உங்கள் உடம்பிலிருந்து எடுத்தது போலத் தோன்றுகிறது. இன்னொன்றும் சொல்கிறேன், மறைக்காமல். உங்கள் குரல் கேட்காமல் என்னால் தூங்க முடிகிறதே என்று வெட்கமாக இருக்கிறது. பதினொரு வருஷம் விழித்திருந்தவள் இருபது நாளில் பழகிவிட்டாளே என்று நீங்கள் நினைப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது.

இன்று காலை டாக்டரம்மாவிடம் கேட்டேன், வீட்டுக்காரருக்கு என்ன செய்யலாம் என்று. "அவுரு இங்க வந்தா பாக்கலாம்மா" என்றார்கள். அதற்குமேல் அவர்கள் என்ன சொல்வார்கள்? ஒப்பந்தம் முடிய இன்னும் பத்தொன்பது மாதம். எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தேன்.

பாயிஸா ஒரு யோசனை சொன்னாள். அவள் குர்ஆன் ஓதுவதைப் பதிவு செய்து தினமும் அனுப்புகிறாளாம், அத்தா அதைக் கேட்டுக்கொண்டே படுக்கட்டும் என்கிறாள். நேற்றிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். ஆயத்துல் குர்ஸியை நாலு தடவை தப்பாக ஓதித் திருத்தித் திருத்திப் பதிவு செய்தாள். வந்ததா? கேட்டீர்களா? கேட்டும் தூக்கம் வரவில்லை என்றால் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கைக்கு மருந்து போடுங்கள். எண்ணெய் வைக்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். தீனதயாளன் அண்ணனை உங்கள் அடுத்த கட்டிலுக்கு மாறிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ராத்திரி நீங்கள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொள்ளும்படி வெட்கத்தை விட்டு அவரிடம் கேட்டேன். சரி என்றார்.

இந்தக் காகிதத்தில் இரண்டு வரி அடித்திருப்பதைப் பார்ப்பீர்கள். முதலில், ஒரு மணிக்கே கூப்பிடுங்கள், நான் எடுக்கிறேன் என்று எழுதினேன். பாயிஸா பின்னால் நின்று படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அதை அடித்தேன். அப்புறம் கூப்பிடவே வேண்டாம் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். இரண்டில் எதை விட்டு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை மச்சான்.

என் கண்ணுக்குக் கொடுத்த உறக்கத்தில் பாதியை அல்லாஹ் உங்கள் கண்ணுக்குக் கொடுப்பானாக. நாளைக்கு வலது கையைக் காட்டுங்கள்.

வஸ்ஸலாம்.
உங்கள்
மெஹ்ராஜ்