அம்மாவின் கையை விடு

தம்பிக்கு,

பேசாமல் இருந்தது போதும். அப்பாவின் சாவைக்கூட எனக்குச் சொல்லாதவன் நீ, அதை மறக்கவில்லை. ஆனால் உன்னோடு கப்பல் சுற்றுலா கிளம்பும் அம்மா நேற்று போனில், “மூணாவது ஊர்ல கப்பல் கடல்லயே நிக்குமாம்டா. குட்டிப் படகுல கரைக்குப் போவோம். தம்பி என் கையைப் பிடிச்சுப்பான்” என்றாள். பயமாக இருக்கிறது என்றேன். “அவனைக் குறை சொல்லாட்டி உனக்குத் தூக்கம் வராதே” என்று வைத்துவிட்டாள்.

பதினெட்டு வருடம் சுற்றுலாக் கப்பல்களில் அந்த மாதிரிப் படகை ஓட்டியவன் நான். அலை படகைத் தூக்கும் நொடியில்தான் கால் வைக்க வேண்டும். ஒருமுறை ஒரு மகன் அவசரப்பட்டுத் தாயின் கையை இழுத்தான். படகுக்கும் கப்பலுக்கும் நடுவே விழுந்தவளை நாங்கள் எடுத்தபோது உயிரில்லை.

நீ பிடிக்காதே. மாலுமிகள் பிடிக்கட்டும். அலை பெரிதாக இருந்தால் இறங்கவே வேண்டாம். கரை எங்கும் ஓடிவிடாது.

பெயர் எழுதினால் மன்னித்துவிட்டதாக நினைப்பாய். கையெழுத்தில்லாமலே இதை இரண்டாவது துறைமுகத்துக்கு அனுப்புகிறேன்.